டேப் ஒட்டிய விளக்கு

காலை பத்து மணிக்குப் பார்த்தால் அந்தக் காரில் ஒரு குறையும் இருக்காது. மெக்கானிக் கோதண்டத்துக்கு அலுப்பு தட்டியதே அதனால்தான்.

1988 மார்கழியில் பத்து நாளுக்குள் யாகப்பன் நான்கு தடவை காரைக் கொண்டுவந்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் கதை ஒன்றுதான். விடியற்காலை ஐந்து மணிக்குச் சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றும், ஒரு நொடி பிடிக்கும், செத்துப்போகும். ஆறு மணிக்கும் அப்படித்தான். வெயில் ஏறி ஒன்பது மணிக்குத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஓடும். அப்படி ஓடுகிற காரைத்தான் அவர் சேரப்பணஞ்சேரியிலிருந்து ஐந்து கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு ஒரகடம் கூட்டுரோட்டுக்கு வருவார்.

கூட்டுரோட்டில் கோதண்டத்தின் ஷெட் இருந்தது. மேலே ஆஸ்பெஸ்டாஸ், பக்கத்துக்கு ஒரு தட்டி. கல்குவாரி லாரிகள், டிராக்டர்கள், இரண்டு மூன்று அம்பாசிடர்கள், அவ்வளவுதான் அவன் உலகம். யாகப்பன் பதினேழு வருஷம் சிங்கப்பூர் துறைமுகக் கிடங்கில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பும்போது கப்பலில் ஏற்றிவந்த ஜப்பான் கார், அந்த ஷெட்டுக்குள் நுழைந்ததிலேயே வேறு ஜாதி. அதில் கார்புரேட்டரே கிடையாது. முதல் நாள் பானெட்டைத் திறந்து, கார்புரேட்டர் இருக்க வேண்டிய இடத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, “சர்தான், இருதயமே இல்லாம ஒரு ஆளு ஓடறான்” என்றான் கோதண்டம்.

முதல் தடவை பிளக்குகளை மாற்றினான். இரண்டாம் தடவை பெட்ரோல் ஃபில்டர். மூன்றாம் தடவை பேட்டரி. நான்காவது தடவை டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிச் சுரண்டிவிட்டான். ஒவ்வொரு தடவையும் இன்ஜின் நன்றாகத்தான் ஓடியது. ஒவ்வொரு தடவையும் அவன், “இனிமே வராதுண்ணே” என்றான். அதைச் சொல்லும்போது தனக்கே நம்பிக்கை இல்லை என்பது யாகப்பனுக்கும் தெரிகிறது என்று அவனுக்குத் தெரியும்.

அந்தக் கார் விடியற்காலையில் கிளம்பியே ஆகவேண்டிய காரணம் யாகப்பனின் மனைவி அன்னபுஷ்பம். இருபத்தைந்து வருஷம் கோயில் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு எடுத்தவர். ஊரில் எல்லோருக்கும் டீச்சர். ஆடி மாதம் தொண்டையில் வந்த கட்டிக்கு மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் கரண்டு, அதாவது கதிர் சிகிச்சை, வைக்கச் சொன்னார்கள். மொத்தம் முப்பது. கழுத்தில் ஊதா மையால் கோடு போட்டு, அதைத் தண்ணீர் படாமல் காக்கச் சொல்லி அனுப்பினார்கள். காலை ஏழரைக்கு அவருக்கு முறை. அதைத் தவறவிட்டால் மிஷின் அடுத்தவருக்குப் போய்விடும்.

பதினேழு முடிந்திருந்தது. அதற்குப் பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று நான்கு முறை கார் கிளம்பவில்லை. இடைப்பட்ட நாட்களில் வண்டி ஒருவழியாகக் கிளம்பினாலும் போய்ச்சேருவதற்குள் முறை போய்விட்டது. முதன்முதலாகத் தவணை தப்பிய நாள் பஸ்ஸில் போனார்கள். தாம்பரத்தில் கூட்டத்தில் யாரோ கீரைக் கூடையைத் தூக்கும்போது வெந்திருந்த கழுத்துத் தோலில் உரசி, டீச்சர் பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரி சேரும்போது ஒன்பதே கால். பக்கத்து ஊர் படப்பையில் வாடகைக் கார் இரண்டு இருந்தன. இரண்டும் மாலை போட்ட சாமிகளோடு சபரிமலைக்குப் போயிருந்தன. தை பிறக்காமல் திரும்பாது.

“இப்படி விட்டு விட்டு வெச்சா பிரயோஜனமில்லை. இன்னும் ஒரு வாரம் போனா, வெச்ச பதினேழும் வீண்” என்று டாக்டர் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீடு திரும்பியதும் டீச்சர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, “போதும், இனிமே நான் போகலை” என்றார். குரல் அப்போதே பாதி போயிருந்தது. “நாலு தடவை மாதா வண்டியை நிறுத்திச் சொல்லிட்டா. அஞ்சாவது தடவை அவளைச் சொல்ல வைக்க மாட்டேன்.”

அன்று சாயங்காலம் யாகப்பன் சைக்கிளில் ஷெட்டுக்கு வந்தார். கோதண்டம் ஒரு லாரியின் கியர் பாக்ஸைப் பிரித்துச் சாக்கில் பரப்பி வைத்திருந்தான்.

“கோதண்டம், நீ அதை எப்பவும் குளிச்சி முடிச்சி பவுடர் போட்டுகினு வந்தப்புறம்தான் பாக்கறே. நாளைக்கு அது தூங்கி எழறப்போ வந்து பாரு.”

“லாரிக்காரன் கழுத்தப் புடிப்பான்ணே.”

“புடிக்கட்டும். அவன் ஏத்தறது கல்லு.”

கோதண்டம் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். துணியும் அழுக்கு, கையும் அழுக்கு.

திங்கட்கிழமை ஐந்து மணிக்கு முன்னால் தன் ஊர் வடக்குப்பட்டிலிருந்து சைக்கிளில் வந்து சேர்ந்தான். பனியில் சட்டை நனைந்திருந்தது. காரின் மேல்கூரையில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. யாகப்பன் காதைச் சுற்றி மஃப்ளரோடு டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

“போடுண்ணே.”

இன்ஜின் சுற்றியது. பிடித்தது. இருமியது. நின்றது. இன்னொரு முறை. அதே மாதிரி. கோதண்டம் ஒரு பிளக்கைக் கழற்றி டார்ச் வெளிச்சத்தில் பார்த்தான். நுனியைத் தேய்த்து மோந்தான்.

“காஞ்சி கீது. பெட்ரோலு போறது பத்தல. குளுருல இன்ஜினுக்கு ஜாஸ்தி பெட்ரோலு ஓணும். அம்பாசிடருக்கு சோக்கை இய்த்தா குடுக்கும். இதுக்கு சோக்கும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. யாரு குடுக்கச் சொல்றாங்க, யாரு வேணாங்கறாங்க, ஒண்ணும் புரியல.”

நான்கு தடவை பகலில் பார்த்தும் தெரியாத ஒன்று இப்போது தெரிந்துவிட்டது. ஆனால் அதற்கு மேல் போக வழி தெரியவில்லை.

வீட்டுக் கதவு திறந்தது. டீச்சர் போர்வையோடு வெளியே வந்தார். கையில் ஒரு தடித்த புத்தகம். காரோடு சிங்கப்பூரிலிருந்து வந்து, அட்டைப்பெட்டியில் மூன்று வருஷமாகப் பிரிக்காமல் கிடந்த இங்கிலீஷ் புத்தகம். வாசல் விளக்கின் கீழே மரநாற்காலியில் உட்கார்ந்தார்.

“நீ ஏன் எழுந்தே அன்னம்? பனி” என்றார் யாகப்பன்.

“நீங்க ரெண்டு பேரும் போடற சத்தத்துல மாதா கோயில் மணியே வேண்டாம்.” மூச்சு வாங்கிக்கொண்டார். “நேத்து படிக்க வேற ஒண்ணும் இல்லை. இதைப் படிச்சேன். கோதண்டம், ஸ்டீரிங்குக்குப் பின்னாடி ஒரு கறுப்பு டேப் ஒட்டியிருக்கே, அதை எடு.”

“அது ஒண்ணும் இல்ல டீச்சர். சும்மா ஒரு லைட்டு. எரிஞ்சிகினே கெடந்தது.”

“எரிஞ்சா கண்ணை மூடிடுவியா? இன்ஜின்ல எங்கே கோளாறுன்னு அந்த லைட்டு சொல்லும்னு போட்டிருக்கு. எடுப்பா.”

கோதண்டம் நகத்தால் டேப்பை உரித்தான். பசை இளகிக் கையில் ஒட்டியது. இன்ஜின் படம் போட்ட சின்ன மஞ்சள் விளக்கு.

டீச்சர் விரலை வரியின் கீழே வைத்து, ஒன்றாம் வகுப்புக்குச் சொல்வது போலச் சொன்னார். பானெட்டுக்குள்ளே பேட்டரி பக்கம் ரப்பர் மூடி போட்ட ஒரு மஞ்சள் சாக்கெட் இருக்கும். அதில் இரண்டு ஓட்டை. இரண்டையும் ஒரு கம்பியால் இணைத்துவிட்டுச் சாவியைத் திருப்ப வேண்டும். இன்ஜினை ஓட்டக்கூடாது. விளக்கு விட்டுவிட்டு எரியும். எண்ண வேண்டும்.

சாக்கெட் இருந்தது. மூன்று வருஷம் கை படாததால் ரப்பர் மூடி புதுசு போல இருந்தது. கோதண்டம் கம்பிக்குப் பையைத் துழாவினான்.

“இந்தா” என்று டீச்சர் கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவி நீட்டினார். வளைந்த கொண்டை ஊசி. இரண்டு காலும் இரண்டு ஓட்டைக்கும் அளவெடுத்தது போல இறங்கின.

யாகப்பன் சாவியைத் திருப்பினார். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். விளக்கு இரண்டு முறை மின்னியது. நின்றது. மறுபடி இரண்டு முறை மின்னியது. பிறகு நீண்ட இருட்டு. மறுபடி முதலிலிருந்து.

“இரண்டு, இரண்டு” என்றார் டீச்சர். “இன்னொரு தடவை பார்ப்போம்.” மூன்று சுற்று எண்ணினார். மூன்றும் அதுதான். “இருபத்திரண்டு.”

பக்கத்தைப் புரட்டினார். பட்டியலில் விரல் இறங்கியது.

“இருபத்திரண்டு, தண்ணி சூட்டைப் பார்த்துச் சொல்ற சென்சார். இன்ஜின் சில்லுனு இருக்கா, சூடா இருக்கான்னு இதுதான் சொல்லுமாம். சில்லுனு இருந்தா பெட்ரோல் ஜாஸ்தி போகும். இதோட ஒயர் அறுந்திருந்தாலும் கோளாறு. ரெண்டு ஒயரும் ஒண்ணோடொண்ணு சேர்ந்துட்டாலும் கோளாறு. அப்படிச் சேர்ந்துட்டா, இன்ஜின் கொதிக்குதுன்னு நினைச்சுக்குமாம்.” புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார். “பாவம். குளிர்ல நடுங்கிட்டு, எனக்கு ஜுரம்னு சொல்லிட்டிருக்கு.”

யாகப்பன் சிரித்தார். கோதண்டம் சிரிக்கவில்லை. ரேடியேட்டரிலிருந்து தடித்த ரப்பர் குழாய் இன்ஜினுக்குள் நுழையும் இடத்தையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த இடம் அவனுக்குத் தெரியும்.

சித்திரையில் யாகப்பன் வேளாங்கண்ணி போகிறோம், ஒரு தடவை பார்த்துவிடு என்று வண்டியை விட்டிருந்தார். கோதண்டம் தன் ஷெட்டுக்கு வருகிற எந்த வண்டிக்கும் செய்வதை இதற்கும் செய்தான். அந்தக் குழாய்க்குப் பின்னால் தெர்மோஸ்டாட் என்று ஒரு வால்வு இருக்கும். இன்ஜின் சூடாகிற வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுப்பது அதன் வேலை. அது குளிர்தேசத்துக்காரன் வைத்தது, இந்த வெயிலில் எதற்கு என்று மெட்ராஸ் மெக்கானிக்குகள் எல்லோரும் பிடுங்கி எறிவார்கள். கோதண்டமும் அவர்களிடம் தொழில் கற்றவன்தான். இதிலும் பிடுங்கினான். பிடுங்கும்போது பக்கத்திலிருந்த ஒரு பிளாஸ்டிக் சாக்கெட் கையோடு உடைந்து வந்தது. இரண்டு மெல்லிய ஒயர்.

அம்பாசிடரில் அந்த இடத்தில் ஒரே ஒயர்தான், சூடு காட்டும் மீட்டருக்குப் போவது. அந்த ஒற்றை ஒயர் இதிலும் தனியாக இருந்தது, மீட்டரும் வேலை செய்தது. அப்படியானால் இந்த இரண்டும் ஏதோ சுவிட்சு என்று முடிவுகட்டினான். ஹார்ன் சுவிட்சோ பிரேக் லைட் சுவிட்சோ போய்விட்டால், இரண்டு ஒயரையும் முறுக்கிவிட்டு லைனை உயிரோடு வைப்பார்கள். அதற்கு டைரக்ட் கொடுப்பது என்று பெயர். அவனும் டைரக்ட் கொடுத்தான். அழகாக டேப் சுற்றி, குழாய்க்கு அடியில் செருகினான். அப்போதுதான் அந்த மஞ்சள் விளக்கு எரிந்தது. மிச்சமிருந்த டேப்பை அதன்மேல் ஒட்டினான். வேளாங்கண்ணிக்குப் போய்விட்டு வந்தார்கள், ஒரு தொல்லையும் இல்லை. வெயில் காலம்.

“எலி கடிச்சிருக்கும்” என்றார் யாகப்பன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு. “வைக்கோப்போருக்குப் பக்கத்துல நிறுத்தறோம் இல்ல? போன வருஷம் ஜெபதாஸ் டிராக்டர்ல இப்டித்தான் ஒயரையெல்லாம் கொதறிட்சி.”

கோதண்டம் குழாய்க்கு அடியில் கையை விட்டான். டேப் முடிச்சு விரலுக்குத் தட்டுப்பட்டது. அவன் முதுகு வெளிச்சத்தை மறைத்துக்கொண்டிருந்தது. யாகப்பனுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

“எலிதானே?”

“ம்” என்றான். அவன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

டீச்சர் புத்தகத்தை மூடினார். “சரி பண்ணி வை. அவரு எங்கேயாவது போக வர உதவும். நான் வரலை.”

“அன்னம்! இன்னா கோளாறுன்னுதான் தெரிஞ்சிபோச்சே. அர மணி நேரத்துல முடிஞ்சிடும். ஏழரைக்கு இல்லாங்காட்டி எட்டு மணிக்காவது—”

“கோளாறு எங்கேன்னு தெரிஞ்சுது. ஏன்னு தெரியலையே. இத்தனை நாள் இல்லாத எலி, எனக்குப் பதினேழு முடிஞ்ச மறுநாளா வரும்? மாதா வண்டி மூலமா சொன்னா என்ன, எலி மூலமா சொன்னா என்ன. சொல்றது ஒண்ணுதான். எனக்கு அலுத்துப்போச்சு. அந்த மிஷின் கீழே படுத்துக்கிட்டு இன்னும் பதிமூணு நாள் மேல்கூரையைப் பார்க்க என்னால முடியாது.”

எழுந்து போர்வையை இழுத்துக்கொண்டார். கோதண்டம் பானெட்டுக்குள்ளிருந்து தலையை எடுத்தான்.

“எலி இல்ல டீச்சர்.”

அவர் நின்றார்.

“நான்தான். சித்திரையில நான்தான் ரெண்டு ஒயரையும் முறுக்கி டைரக்ட் குட்த்தேன். லைட்டு மேல டேப்பு ஒட்னதும் நான்தான். குளுரு வந்தப்புறம் காட்டியிருக்கு. மாதாவும் இல்ல, எலியும் இல்ல.” முடிச்சை வெளியே இழுத்து டார்ச் வெளிச்சத்தில் காட்டினான். தூசி படிந்திருந்தாலும் சுற்று ஒழுங்காக இருந்தது. எந்த எலியும் அப்படிச் சுற்றாது.

யாகப்பனுக்கு அது புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. “அடப்பாவி” என்றார். “நாலு தடவை! பிளக்கு மாத்தினே, பேட்டரி மாத்தினே, உன்னைத் தவிர எல்லாத்தையும் மாத்தினியேடா! உன்னை நம்பி…” டார்ச்சை அணைத்தார். மறுபடி போட்டார்.

டீச்சர் அந்த முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பத்து நாளா நான் மாதாகிட்டப் பேசலை” என்றார். “ஜெபமாலையைக் கையிலகூட எடுக்கலை. நேத்து பூசைக்குப் போயும் அவ முகத்தைப் பார்க்கலை. கடைசியில உன்கிட்ட இல்ல நான் கோவிச்சிருக்கணும்?”

“கோச்சிக்கோங்க டீச்சர்.”

“அதுக்கு இப்போ நேரமில்லை. மணி என்ன?”

“அஞ்சே முக்கால்” என்றார் யாகப்பன்.

“புடவை மாத்திக்கிட்டு வரேன். அதுக்குள்ளே ஓடணும்.” கதவருகே திரும்பினார். “ஊசியை எடுத்துடு. இன்ஜினை ஓட்டறதுக்கு முன்னாடி எடுக்கணும்னு போட்டிருக்கு.”

முடிச்சைப் பிரித்து, ஒயர் நுனிகளைச் சுரண்டி, சென்சாரின் இரண்டு ஆணியிலும் ஒவ்வொன்றாகச் சுற்றி, நடுவே சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைக் கொடுத்துக் கட்டினான் கோதண்டம். யாகப்பன் டார்ச்சை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார். ஏசியிருந்தால் வேலை சுலபமாக இருந்திருக்கும்.

இரண்டாவது சுற்றிலேயே இன்ஜின் பிடித்தது. கொஞ்சம் சத்தமாக ஓடி, தானே இறங்கி, நிதானமானது. மஞ்சள் விளக்கு அணைந்தது. யாகப்பன் இரண்டு கையையும் ஸ்டீரிங்கில் வைத்து அதன்மேல் நெற்றியைச் சாய்த்தார்.

“பின்னாடி ஏறு” என்றார் தலையைத் தூக்காமல். “வழியில நின்னா நீதான் தள்ளணும்.”

தாம்பரம் ரயில்வே கேட்டில் ஒரு கூட்ஸ் வண்டிக்காக நிறுத்தினார்கள். பக்கத்தில் எல்லா வண்டியும் இன்ஜினை அணைத்தது. யாகப்பன் அணைக்கவில்லை. டீச்சர் முன்சீட்டில் உட்கார்ந்து, கழுத்தில் துணி உரசாமல் தலையைத் தூக்கிப் பிடித்தபடி, அந்த விளக்கு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்சீட்டில் கோதண்டம் காலுக்கிடையில் ஸ்பேனர் பையோடு ஒடுங்கி உட்கார்ந்திருந்தான், சீட் துணியில் கிரீஸ் படக்கூடாது என்று.

ஏழு ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பேர் கூப்பிட்டாகிவிட்டது, போய் பெஞ்சில் உட்காருங்கள் என்றான் வார்டு ஆள், யார் முகத்தையும் பார்க்காமல். மூன்று மணி நேரம் உட்கார்ந்தார்கள். பதினொன்றுக்கு யாரோ ஒருவர் வராததால் இடம் கிடைத்தது. டீச்சர் உள்ளே போய்க் கால்மணி நேரத்தில் திரும்பினார். உதடு வெளுத்திருந்தது.

“பதினெட்டு” என்றார்.

திரும்பும்போது ஒரகடம் கூட்டுரோட்டுக்கே போய் வண்டியை நிறுத்தச் சொன்னான் கோதண்டம். ஷெட் வாசலில் லாரிக்காரன் கியர் பாக்ஸுக்குப் பக்கத்தில் பீடி பிடித்தபடி குந்தியிருந்தான். “எங்கடா போனே கஸ்மாலம்?” என்றான். கோதண்டம் அவனைக் கடந்து உள்ளே போனான். ஷெட்டின் மூலையில் ஒரு டால்டா டின் நிறைய பிடுங்கிப்போட்ட வால்வுகள். எத்தனையோ வருஷத்து அம்பாசிடர், ஃபியட், ஜீப். ஜப்பான் காருடையது சின்னதாக, பளபளப்பாக இருந்ததால் அதை மட்டும் டின்னில் போடாமல் சுவரில் ஓர் ஆணியில் மாட்டி வைத்திருந்தான். எடுத்துத் துடைத்துக்கொண்டு வந்தான்.

டீச்சர் கார் ஜன்னல் வழியே கையை நீட்டி வாங்கிப் பார்த்தார். “இதா?”

“இதுதான். தண்ணி கசியாம பேப்பர் கேஸ்கெட் வெட்டிப் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள்ள மாட்டிடறேன்.”

“நல்லாத்தானே இருக்கு.”

“நல்லாத்தான் கீது.”

“கெட்டுப்போனதை எடுக்கலாமா வேண்டாமான்னு அங்கே நாலு டாக்டருங்க ஒரு மாசமா யோசிக்கிறாங்க. நீ நல்லா இருக்கறதை எடுத்து ஆணியில மாட்டி வெச்சிருக்கே.” திருப்பிக் கொடுத்தார். சிரிக்க முயன்றார், தொண்டை இடம் கொடுக்கவில்லை.

கோதண்டம் சட்டைப்பையிலிருந்து கொண்டை ஊசியை எடுத்து நீட்டினான். “நாளைக்கும் அஞ்சு மணிக்கு வரட்டா டீச்சர்?”

“வா. வந்து சும்மா நில்லு. எதையும் கழட்டாதே.” ஊசியை வாங்கவில்லை. “அது வண்டியிலயே இருக்கட்டும். இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு.”

கண்ணை மூடி சீட்டில் சாய்ந்துகொண்டார். யாகப்பன் இறங்கிப்போய் பானெட்டைத் திறந்தார்.